கறள் பிடித்த கால்களும் கனிந்த நாதமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, பாக்குநீரிணையின் காற்றை இரவும் பகலும் முகத்தில் வாங்கிக்கொண்டிருக்கும் வல்வெட்டித்துறையில், இரும்பென்றும் செம்பென்றும் பெயர்பெற்ற எந்தப் பொருளும் நெடுங்காலம் தன் சுயரூபத்தோடு இருப்பதில்லை. படலைக் கொளுக்கியும் கிணற்றுக் கப்பியும் சைக்கிள் கம்பியும் ஒருபுறமிருக்க, உள்ளறையில் துணி போர்த்தி வைக்கப்பட்ட வால்வு றேடியோவின் வயிற்றுக்குள்ளும் அக்காற்றுப் புகுந்துவிடுகிறது. அலை உடையும்போது எழும் நுண்திவலைகள் நீர் வற்றியபின் உப்புத் துகள்களாகக் காற்றில் மிதக்கின்றன. அவை உலோகத்தின்மேல் படிந்திருக்கும் வேளையில் காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டுமாயின், ஈரத்தை உறிஞ்சித் தாமே கரைந்து, கண்ணுக்குப் புலப்படாத உவர்நீர்ப் படலமாகின்றன. வால்வின் கால் ஓர் உலோகம், அதைக் கவ்வியிருக்கும் தாங்கியின் இதழ் வேறோர் உலோகம், இரண்டுக்குமிடையே உவர்நீர்: இம்மூன்றும் கூடிய இடத்தில் ஒரு சிறு மின்கலம் உண்டாகி, கறளும் உடன் உண்டாகிவிடுகிறது.

கொழும்பில் 1925இல் ஆரம்பமான ஒலிபரப்பு, 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயர்பெற்று, மறு ஆண்டிலேயே வர்த்தக சேவையையும் தொடங்கிற்று. நீரிணைக்கு அப்பால் 1939இல் தோன்றிய திருச்சி நிலையமோ, ஆகாயமார்க்கமாக அளந்தால், ஏறக்குறைய 320 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்பைவிட இவ்வூருக்கு மிகக் கிட்டியது, 200 கிலோமீற்றருக்குள் அடங்குவது. இவ்விரண்டையும் மாறிமாறிக் கேட்டுவந்த வீடுகளில், பாட்டின் நடுவே கரகரப்புத் தோன்றிய நாளில், திருத்துபவர் வந்து பின்பலகையைக் கழற்றுவார். அவர் ஒரு வால்வைப் பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வேறொன்றைச் செருகுவார். அல்லது அதையே மீளவும் செருகுவார். பாட்டுத் துலங்கும். “வால்வு போட்டுதோ தம்பி?” என்று வீட்டு ஆச்சி கேட்பாள். “இல்லையெணை, கால் கறள் பிடிச்சுக் கிடக்கு” என்று சொல்பவர் நேர்மையான திருத்துநர். புதிய வால்வுக்கு விலை சொல்பவரும் ஊரில் இல்லாமலில்லை.

ஒன்பது கால்களுள்ள வால்வொன்றைத் தாங்கியிலிருந்து இழுக்கும்போதும் மறுபடி அழுத்தும்போதும், ஒவ்வொரு காலும் இதழோடு உரசி, கறட் படலத்தைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொடும்படி செய்துவிடுகிறது. ஆகவே பழைய வால்வைக் களைந்து புதியதைப் பொருத்தியவர் ஒரு காரியத்தைச் செய்ததாக எண்ணினாலும், உண்மையில் இரண்டு காரியங்களைச் செய்திருக்கிறார். வால்வையும் மாற்றினார், தொடுகையையும் துப்புரவாக்கினார். நாதம் தெளிந்ததற்குக் காரணம் எது என்பதை அவர் அறியார். இக்காலத்தில் இசைப்பிரியர்கள் வால்வு விரியலாக்கிகளை வாங்கி, அவற்றிலுள்ள வால்வுகளை ஒன்றுமாற்றி ஒன்றாகச் செருகி, ‘இது இனிமை, அது கடினம்’ என்று தரம்பிரித்து மகிழ்வதைக் காண்கிறோம். அவ்வனுபவத்தைப் பொய்யென்று தள்ளுவது என் கருத்தன்று. அந்த ஒரே கையசைவினுள் எத்தனை காரியங்கள் மறைந்து நிகழ்கின்றன என்பதைப் பிரித்துக் காட்டுவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

வால்வின் சரித்திரம் மின்குமிழிலிருந்து தொடங்குகிறது. எடிசன் 1883ஆம் ஆண்டளவில், எரியும் குமிழினுள் ஒரு தனித்தகட்டைச் செருகி, அதற்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தபோது, வெற்றிடத்தினூடே மின்னோட்டம் பாயக் கண்டார். கண்டும் அதன் காரணத்தை அறிந்தாரல்லர். சூடேறிய இழையிலிருந்து இலத்திரன்கள் ஆவிபோல் வெளிப்படுகின்றன என்பது பின்னர் துலங்கிற்று. அதன் விதியை வகுத்த ரிச்சர்ட்சனுக்கு 1928ஆம் ஆண்டின் நொபெல் பரிசு கிடைத்தது. பிளெமிங் 1904இல் இந்த விளைவைக் கொண்டு இருவாயியை ஆக்கினார். 1906இல் டி பொரஸ்ட், இலத்திரன்களை வெளிவிடும் கதோட்டுக்கும் அவற்றை வாங்கிக்கொள்ளும் அனோட்டுக்கும் இடையே நெய்யரி என்னும் மெல்லிய கம்பிவேலியை நுழைத்து மூவாயியை ஆக்கினார். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, பாய்மரத்தின் துணையாலேயே சமுத்திரங்களைக் கடந்து 1938இல் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்னும் கப்பலை நடத்திச்சென்றது காற்றின் பெருஞ்சக்தியே எனினும், அச்சக்தி செல்லவேண்டிய திசையைச் சுக்கானில் இருந்த கை விதித்ததுபோல, அனோட்டுக்கு ஓடும் இலத்திரன் வெள்ளத்தை நெய்யரியின் அற்ப அழுத்தம் விதிக்கிறது. விரியலாக்கம் என்பது இவ்வளவே.

கதோட்டின் தன்மையை இன்னும் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். ஏனெனில் வால்வின் ஆயுள் அதிலேதான் அடங்கியிருக்கிறது. வீட்டுச் சாதனங்களில் வரும் வால்வுகளின் கதோட்டு, நிக்கல் குழலொன்றின்மேல் பேரியம், திராந்தியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுப் பூச்சுப் பூசப்பெற்றது. 1904ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் வேனெல்ட் கண்டறிந்த இப்பூச்சு, 700 முதல் 800 பாகை செல்சியசிலேயே தாராளமாக இலத்திரன்களை ஈகின்றது. வெறும் தங்குதன் இழைக்கு இதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு உஷ்ணம் வேண்டும். வெளிப்பட்ட இலத்திரன்கள் யாவும் உடனே அனோட்டுக்கு ஓடிவிடுவதில்லை. கதோட்டைச் சூழ ஒரு முகில்போலத் திரண்டு நிற்கின்றன. அம்முகில் இருக்குமட்டும், ஓட்டத்தின் அளவு மின்வாய்களின் அழுத்தத்தைப் பொறுத்ததேயன்றிக் கதோட்டின் வளமையைப் பொறுத்ததன்று. லாங்மியூர் 1913இல் விளக்கிய இவ்வுண்மையிலிருந்து கிடைக்கும் பயன் பெரிது. பூச்சுப் பாதி தேய்ந்துபோன வால்வும், மெல்லிய வீணைக் கச்சேரியில், புதிய வால்வைப் போலவே இசைக்கும். தவில் முழங்கும்போதுதான் அதன் வறுமை வெளிப்படும். ஓரடியின் கணநேர உச்சத்துக்கு வேண்டிய இலத்திரன்களை முகிலால் கொடுக்க இயலாமற் போக, உச்சி மழுங்கிப்போன அடியே ஒலிபெருக்கியில் எழும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் பழைய பெட்டியொன்றிற் கேட்டுவிட்டு, ‘பதிவு சரியில்லை’ என்று முகஞ்சுளிப்பவர் முதலில் வெளியீட்டு வால்வைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. இவ்விடத்தில் வால்வு மாற்றம் கேள்விக்கிடமின்றிப் பலன் தரும்.

கண்ணாடியின் உச்சியில் வெள்ளிபோல் மின்னும் பூச்சையும் வாசகர் பார்த்திருக்கலாம். அது அலங்காரமன்று, எஞ்சிய வாயுவைப் பற்றி உட்கொள்வதற்காக ஆவியாக்கப்பட்ட பேரியம். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்பதே பொருள். அவ்வால்வைப்பற்றி மேலும் ஆராய வேண்டியதில்லை.

வால்வின்மேல் அச்சிட்ட எழுத்துகளுக்கும் அர்த்தம் உண்டு. ஐரோப்பிய முறைப்படி ‘ஈ’ என்பது இழைக்கு 6.3 வோல்ற்று என்பதையும், ‘சி’ மூவாயியையும், ‘எல்’ வெளியீட்டு ஐவாயியையும் குறிக்கும். ஆகவே ஈசிசி83 என்பது ஒரே கண்ணாடியினுள் இரண்டு மூவாயிகள். அமெரிக்கர் அதை 12ஏஎக்ஸ்7 என்பர். ஈசிசி81, ஈசிசி82 என்னும் சகோதரங்களுக்கும் கால்களின் அமைப்பு ஒன்றே. ஆதலால் ஒன்றிருந்த இடத்தில் மற்றொன்று எளிதாக உட்கார்ந்துகொள்ளும். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. ஈசிசி83இன் விரியலாக்கக் காரணி 100. ஈசிசி82இனதோ ஏறக்குறைய 17. முன்னதற்கு 250 வோல்ற்றில் 1.2 மில்லியம்பியர் போதும். பின்னது அதே அழுத்தத்தில் 10 மில்லியம்பியர்வரை ஓட விரும்புவது. முன்னதற்கென்று தடைகளைக் கணக்கிட்டு அமைத்த சுற்றில் பின்னதைச் செருகினால், ஒலி குறைந்து, பேரிரைச்சல் அடங்கி, ‘ஆகா, எவ்வளவு சாந்தம்!’ என்று சொல்லத் தோன்றும். அந்தச் சாந்தத்தை ஒலியின் அளவைத் திருகிக் குறைத்தும் பெற்றிருக்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

சிறிய ஒலிவேறுபாடுகளைச் செவி அளவாக உணர்வதில்லை, குணமாகவே உணர்கிறது. இரண்டு வால்வுகளுக்கிடையே விரியலாக்கத்தில் 12 வீத வித்தியாசம் இருந்தால் அது 1 தெசிபெல். கேட்பவர் ‘இது சத்தம் கூட’ என்று சொல்லமாட்டார், ‘இதிலே பாடகரின் மூச்சும் கேட்கிறது’ என்பார்.

உண்மையான வேறுபாடுகளும் உண்டு, அவற்றைச் சொல்லாது விடுவது அநியாயம். இசைத்தட்டின்மேல் ஓடும் காந்த ஊசி தரும் அழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ற்று மாத்திரமே. அதை முதலில் ஏற்றுப் பெருக்கும் வால்வு தன் சொந்த இரைச்சலையும் உறுமலையும் அதனோடு கலந்துவிட்டால், பின்வரும் படிகள் அனைத்தும் அவற்றையும் உபசரித்துப் பெருக்கும். நெய்யரிக் கம்பிகள் தளர்ந்திருந்தால் அது ஒலிவாங்கியாகவும் மாறிவிடும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, பென்சிலின் அழிறப்பர் முனையால் வால்வின் கண்ணாடியை மெல்லத் தட்டுக. நல்லதாயின் ‘டொக்’ என்ற மந்தமான ஒலியோடு அடங்கும், தளர்ந்ததாயின் வெண்கலக் கிண்ணம்போல ரீங்காரமிட்டு ஓயும். ஒரே பெயருள்ள வால்வுகள் நான்கு இருந்தால், இப்பரீட்சையில் மிக அமைதியாக இருப்பதை முதலிடத்துக்கும், மற்றவற்றைப் பின்னுள்ள இடங்களுக்கும் மாற்றிவைப்பதே போதும். ஒரு சதமும் செலவின்றிக் கிடைக்கும் இந்தப் பயன், விலையுயர்ந்த வால்வுகள் தருவதாகச் சொல்லப்படும் பல பயன்களைவிட மெய்யானது என்பது என் அபிப்பிராயம்.

வால்வின் ‘இனிமை’ என்பதற்கும் ஒரு பௌதிக ஆதாரம் இருக்கிறது. அதைச் சங்கீதம் அறிந்தவர்க்கு விளங்கவைப்பது சுலபம். எந்த விரியலாக்கியும் தான் ஏற்ற சுரத்தோடு, அதன் இரு மடங்கு, மும்மடங்கு மீடிறன்களையும் சிறிது கூட்டியே வெளிவிடும். ஆதார ஸட்ஜம் உள்ளே போனால், இரண்டாம் மேற்சுரம் மேல் ஸட்ஜமாகவும், மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமமாகவும், நான்காவது மீண்டும் ஸட்ஜமாகவும், ஐந்தாவது அந்தர காந்தாரமாகவும் விழும். நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவில், யாரும் மீட்டாத காந்தாரம் தானே எழுவதை உணர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. ஏழாவதோ கைசிகி நிஷாதத்துக்குக் கிட்டவந்து, அதனைத் தொடாமல் தாழ்ந்து நின்று செவியை உறுத்தும். மூவாயி தனித்து உழைக்கும்போது கூட்டுவது பெரும்பாலும் இரண்டாவது. அது சுருதிக்குச் சுருதி சேர்ப்பதாதலால் உறுத்துவதில்லை, நாதம் தடித்ததாகவே தோன்றும். வரம்புமீறி ஓட்டப்பட்ட திரான்சிற்றரோ உச்சியைக் கத்தரித்து, ஒற்றைப்படை மேற்சுரங்களை வாரி இறைக்கும். ரசல் ஹாம் என்பவர் 1973இல் எழுதிய கட்டுரையில், இருவகைச் சாதனங்களின் வேறுபாடு இவ்வாறு வரம்பு மீறும் வேளையிலேயே தெளிவாகத் தோன்றுகிறதென்று காட்டினார். வரம்புக்குள் நிற்கும்வரை எல்லாரும் யோக்கியர்கள்தாம்.

இரண்டு ஈஎல்84 வால்வுகள் எதிரெதிராக நின்று, ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும் அமைப்பில், இரட்டைப்படை மேற்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆனால் இருவரும் சமபலமுள்ளவராக இருந்தால் மாத்திரமே. ஒருவர் கிழவராகவும் மற்றவர் இளைஞராகவும் இருந்தால், அழிவு முழுமையாகாததோடு, வெளியீட்டு நிலைமாற்றியின் இரும்புக்குள் ஒருபக்கமாகக் காந்தம் ஏறிநின்று, கீழ்ச்சுரங்களின் கனத்தைக் குறைத்துவிடும். ஆகவே இவ்விரண்டையும் சோடியாகவே மாற்றவேண்டும்.

ஆனால் நன்றாக வடிவமைக்கப்பட்ட விரியலாக்கியில் இவ்வித்தியாசங்களை ஒடுக்குவதற்கென்றே ஓர் உபாயம் உண்டு. 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், வேலைக்குச் செல்லும் வழியில் ஹட்சன் நதியைக் கடக்கும் படகில் நின்றவாறே, ஹரோல்ட் பிளாக் என்னும் பொறியியலாளர் தம் கையிலிருந்த புதினத்தாளின் பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார்: வெளியீட்டின் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டால், விரியலாக்கம் குறையும், அதே விகிதத்தில் குற்றங்களும் குறையும். பத்துப் பங்கு விரியலாக்கத்தைத் தியாகஞ்செய்த சுற்றில், வால்வுகளால் நேரும் 10 வீத மாற்றம் 1 வீதமாகச் சுருங்கிவிடும். 1954இல் முல்லார்ட் கொம்பனி வெளியிட்ட, ஐந்து வால்வுகளும் பத்து வாற்றும் கொண்ட புகழ்பெற்ற வரைபடம் இம்முறையைச் சார்ந்ததே. அத்தகைய சுற்றில் ஈசிசி83ஐ மாற்றி ஈசிசி83ஐ இடுவதால், இரண்டும் ஆரோக்கியமாக இருக்குமிடத்து, செவி அறியக்கூடிய பலன் விளைவது அபூர்வம். 1978இல் குவாட் நிறுவனத்தின் மூன்று விரியலாக்கிகளை, ஒன்று 1950களின் வால்வுச் சாதனம், மற்றவை திரான்சிற்றர்ச் சாதனங்கள், அனுபவமுள்ள செவியர்களின்முன், எது ஒலிக்கிறது என்று தெரிவிக்காமல் இயக்கிப் பார்த்தார்கள். எவராலும் நிச்சயமாகப் பிரித்தறிய முடியவில்லை. வால்வுக்கும் திரான்சிற்றருக்குமே இந்தக் கதியென்றால், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு வால்வுகளைப்பற்றி என்ன சொல்வது!

இனி வல்வெட்டித்துறை போன்ற ஊர்களுக்கே உரிய ஒரு விஷயம். போரின் காரணமாக 1990இல் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சிறிய திரான்சிற்றர் றேடியோவில் செய்தி கேட்ட காலம் அது. டைனமோ ஈவது 6 வோல்ற்றில் 3 வாற்று. ஈஎல்84 ஒன்றின் இழை மாத்திரமே 4.8 வாற்றை விழுங்கும். ஒரு வால்வைச் சூடேற்றவும் ஆகாத சக்தியைக் கொண்டு ஒரு முழு றேடியோ பேசிற்று என்பதை நினைக்குந்தோறும், வால்வின்மேல் எனக்குள்ள அபிமானம் சற்றே நாணமுறுகிறது. வால்வுப் பெட்டிகள் வருஷக்கணக்காக மூலையில் உறங்கின. அவ்வுறக்கத்தால் வால்வுக்குக் கேடில்லை, கேடு கொள்ளளவிகளுக்கே. மின்பகு கொள்ளளவியினுள் அலுமினியத்தின்மேல் படிந்திருக்கும் மெல்லிய ஒட்சைட்டுத் தோல், அழுத்தம் இல்லாத காலத்தில் நலிந்துவிடும். மின்சாரம் மீண்டதும் நேரே 230 வோல்ற்றைக் கொடுத்தால், குறுக்கே பெருமோட்டம் பாய்ந்து வெடித்துவிடவும் கூடும். தேர்ந்த திருத்துநர் ஒரு சாதாரண மின்குமிழைத் தொடராகப் பொருத்தி, அது பளீரென்று எரிகிறதா மங்குகிறதா என்று பார்த்தே மேற்செல்வார். கடதாசிக் கொள்ளளவிகளின் பிழை இன்னும் வஞ்சகமானது. கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சி அவை கசியத் தொடங்கினால், வெளியீட்டு வால்வின் நெய்யரிக்குச் சேரக்கூடாத நேர் அழுத்தம் சேர்ந்து, ஓட்டம் கட்டுமீறி, அனோட்டுத் தகடு செந்தணலாகும். உரியவர் வால்வில் பிழையென்று கருதிப் புதியதை வாங்குவார். அதுவும் சில நாளில் அதே கதியை அடையும். ஆகவே வால்வின்மேல் பழிபோடுமுன் அதன் அயலவரை விசாரிப்பது முறை. விசாரிக்கும்போது, ஆளியை மூடிய பின்னரும் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுவரை தங்கியிருக்கக்கூடும் என்பதை மறவாது, அதைத் தடையொன்றின் வழியாக வடித்த பின்பே கைவைக்க வேண்டும்.

சித்திரைப் பூரணையை ஒட்டி ஊர் முழுவதும் ஒளிவெள்ளமாகும் இந்திரவிழாவில், மரக்கொப்புகளில் கட்டப்படும் புனல் ஒலிபெருக்கிகளுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் பொருந்தாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். கீழ்ச்சுரங்களைப் பெரும்பாலும் தள்ளிவிட்டு நடுச்சுரங்களையே முழங்கும் அக்கருவியில், எந்நாட்டு வால்வைப் பொருத்தினாலும் ஒன்றுதான்.

பழைய வால்வுகளின் வியாபாரத்தில் மயக்கமும் மோசடியும் நிறைய. இங்கிலாந்தில் பிளாக்பேர்ன் ஆலையில் முல்லார்ட் செய்தவையும், ஜெர்மனியின் டெலிபுங்கன் செய்தவையும் இன்று பெருவிலை பெறுவதனால், மலிவான வால்வின் எழுத்தை அழித்துப் புதுப்பெயர் அச்சிடுவோர் உளர். டெலிபுங்கன் தன் வால்வுகளின் அடிக்கண்ணாடியில் கால்களுக்கு நடுவே வைர வடிவமொன்றை வார்த்துவிடும் வழக்கமுடையதாயிருந்தது. கண்ணாடியில் வார்த்ததை யாரும் மை கொண்டு எழுத இயலாது. பெங்களூரில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆக்கிய வால்வுகள் பெயருக்கு அத்தனை பிரசித்தி இல்லாதவையாயினும், கருவியால் அளந்தால் வெட்கப்படவேண்டியவை அல்ல. இன்று புதிதாகச் செய்வோர் ரஷ்யாவின் சரத்தோவ் நகரிலும், சுலோவாக்கியாவிலும், சீனாவிலும் இருக்கின்றனர்.

வால்வை மாற்றி நாதம் மாறிற்றா என்று நிச்சயமாக அறிய விரும்புவோர், முதலில் பழைய வால்வையே நான்கைந்துமுறை இழுத்துச் செருகித் தொடுகையைத் துப்புரவாக்கட்டும். பின்னர் 1000 ஹேட்ஸ் மீடிறனுள்ள ஒரே தொனியை இரண்டு வால்வுகளின் வழியாகவும் செலுத்தி, ஒலிபெருக்கியின் முனைகளில் அழுத்தத்தை அளந்து, 1 வீதத்துக்குள் சமப்படுத்தட்டும். அதன்பின் வேறொருவர் நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்துக்கேற்ப வால்வைப் பொருத்த, கேட்பவர் பெட்டிக்கு முதுகு காட்டி அமர்ந்து, எது என்று சொல்லட்டும். பத்துத் தடவையில் ஒன்பதோ பத்தோ சரியாகச் சொல்வது குருட்டாம்போக்கில் நேரக்கூடிய வாய்ப்பு 1024இல் 11 மட்டுமே. அவ்வாறு சொல்லிவிட்டால் வித்தியாசம் மெய், அதன் காரணத்தைத் தேடுவதும் தகும். ஐந்தோ ஆறோ சரியாயிருந்தால், மலிவான வால்வைப் பெட்டிக்குள்ளேயே விட்டு, விலையுயர்ந்ததைப் பஞ்சு சுற்றி, ஈரம் புகாத தகரப்பேணியில் மூடி அலுமாரியில் வைத்துவிடலாம். மற்றது தேயும் நாளில் அது உதவும்.